அக்கா இல்லையா?

அந்தத் தெருவில் அவருக்கு டிரைவர் என்று பெயர். வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளில் போனால்கூட வளைவு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். காதுக்கு மேல் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் செருகியிருக்கும். முதலில் முழுப் பெயரையும் சொன்னார்கள். பிறகு நாக்குக்குச் சோம்பல் வந்து முன்பாதி உதிர்ந்துவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள் எப்போதாவது வாடகை வண்டி கேட்டு வந்து நிற்பார்கள். "வண்டி இல்லைங்க. லாப்டாப் இருந்தா கொண்டாங்க, ஓட வைக்கிறேன்" என்பார்.

கடை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஆள் நிமிர்ந்து நடக்க முன்பக்கம்தான் லாயக்கு. உள்ளே போகப் போகப் படிக்கட்டு தலையில் இடிக்கும். ஒரு பக்கம் தையற்கடை, மறுபக்கம் ஜெராக்ஸ் கடை. நடுவில் இவருடைய மேசை, அதன் மேல் ரப்பர் விரிப்பு, கழுத்து வளைந்த விளக்கு, கழற்றிய திருகாணிகளைப் பிரித்துப் போட ஒரு முட்டை அட்டை. வீடு அதே கட்டடத்தின் இரண்டாவது மாடியில்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு மாமாவின் டிவி ரிப்பேர் கடையில் சேர்ந்தவர். டிவி போய் லாப்டாப் வந்தபோது, அதுவும் திருகாணி போட்டு மூடிய பெட்டிதானே என்று திறந்து பார்த்தார். கை சொன்னபடி கேட்டது. டீ கொட்டிய கீபோர்டு, உடைந்த கீல், சார்ஜர் நுழைகிற இடத்தில் ஆட்டம் என்று எது வந்தாலும் சரி செய்வார். மதர்போர்டில் எந்த இடம் சுட்டுப்போயிருக்கிறது என்று மோந்து பார்த்தே சொல்லுவார். கடை போட்டு இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. அந்தத் தெருவில் லாப்டாப் என்றால் டிரைவர், டிரைவர் என்றால் லாப்டாப்.

ஒரே ஒரு விஷயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. திரையில் வருகிற ஆங்கிலம் அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். நான்கு வரியோடு ஒரு பெட்டி வந்து நின்றால், ஓகே என்ற இரண்டெழுத்து எங்கே இருக்கிறது என்றுதான் கண் தேடும். "அதையெல்லாம் படிச்சிட்டு உக்காந்திருந்தா பொழுது போயிடும்" என்று சொல்லிவிட்டு அழுத்திவிடுவார்.

அவர் மனைவி நேர் எதிர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவள். பொடி எழுத்தில் இருக்கும் அடிக்குறிப்பைக்கூட விடாமல் படிக்கிற கண். மகள் படிப்புக்காக வெளியூர் போனதும், மாடியில் நான்கு சுவரையும் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது என்று கீழே இறங்கி வந்தாள். போன் எடுப்பது, எந்த லாப்டாப் யாருடையது என்று சீட்டு எழுதி ஒட்டுவது, இவ்வளவுதான் வேலை. ஆனால் கையில் வேலை இல்லாத நேரத்தில் திரையில் வருவதையெல்லாம் படித்தாள். எந்தக் கம்பெனி லாப்டாப்பில் எந்தப் பொத்தானை அழுத்தினால் பயாஸ் என்கிற அடிப்படை செட்டிங் பக்கம் திறக்கும், எந்த அப்டேட் வந்தால் என்ன மாறுகிறது என்று ஒரு நீள நோட்டில் எழுதி வைத்தாள். டிரைவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "பரீட்சை எப்போ?" என்று கேட்டார்.

பரீட்சை ஒரு நாள் வந்தது.

மருந்துக்கடை நடத்துகிற அம்மா ஒருவர் தன் லாப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தார். சார்ஜ் அறுபதுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறதாம். டிரைவர் கேட்டதுமே தீர்ப்பு எழுதிவிட்டார். "பேட்டரி செத்துப்போச்சும்மா. மாத்திடலாம்." காதிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் கைக்கு வந்துவிட்டது. இரண்டு திருகாணி முட்டை அட்டைக்குப் போய்விட்டது.

"ஏங்க, ரெண்டு நிமிஷம் குடுங்க, பார்த்துடறேன்" என்றாள் மனைவி.

லாப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, கம்பெனிக்காரன் கூடவே போட்டுக் கொடுக்கிற ஒரு செயலியைத் திறந்தாள். உள்ளே போய், அதற்குள்ளே இன்னொன்றுக்குள் போய், ஒரு வரியில் விரலை வைத்தாள். "சமீபத்துல ஏதாவது அப்டேட் போட்டீங்களாம்மா?"

"போன வாரம் அதுவே கேட்டுச்சு. போட்டேன்."

"அதான். அந்த அப்டேட்டோட இந்த செட்டிங் தானா ஆன் ஆயிருக்கு. அறுபதுல நிறுத்துன்னு சொல்லியிருக்கு, அது சொன்ன பேச்சைக் கேக்குது. பேட்டரி நல்லாத்தான் இருக்கு." ஒரு தட்டு தட்டினாள். அறுபதில் நின்றிருந்த எண் சற்று நேரத்தில் அறுபத்தொன்று ஆனது. "ஆனா ஒண்ணும்மா. நீங்க எப்பவும் சார்ஜர்லயே சொருகி வெச்சிருக்கீங்க. நாள் பூரா நூறுலயே இருந்தா, வயிறு முட்டத் தின்னவனை இலை முன்னாடியே உக்கார வெச்சிருக்கிற மாதிரி. சூடாகி சீக்கிரம் பேட்டரி போயிடும். எண்பதுல நிறுத்தி வைங்க, ஆயுசு கூடும். வெளியூர் போறப்ப மட்டும் நூறாக்கிக்கோங்க."

மருந்துக்கடை அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மருந்து வாங்க வந்தவர்களுக்கெல்லாம் மாத்திரையோடு சேர்த்து இந்தக் கதையையும் கொடுத்து அனுப்பினார். அடுத்த வாரத்திலிருந்து கடை வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறவர்கள் டிரைவரின் தலைக்கு மேலாகப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"அக்கா இல்லையா?"

முதல் பத்து தரம் அவர் சிரித்தார். பதினோராவது தரம் உதடு மட்டும் சிரித்தது. அதற்குப் பிறகு அதுவும் நின்றது. இருபத்தாறு வருஷம் முதுகு வளைத்தது இவர். நேற்று வந்து சீட்டு எழுதியவளுக்கு மாலை. அதைவிடக் கொடுமை, இதை யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியாது. பக்கத்துக் கடைக்காரன் மேல் பொறாமை என்றால் நாலு பேர் ஆமாம் போடுவார்கள். சொந்தப் பெண்டாட்டி மேல் பொறாமை என்றால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்.

விடுமுறைக்கு வந்த மகள் ஒருநாள் சோபாவில் படுத்துக்கொண்டு, இணையத்தில் கடையைப் பற்றி வாடிக்கையாளர்கள் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். "'அக்கா ரொம்பப் பொறுமையா விளக்கினாங்க.' அஞ்சு ஸ்டார். 'அக்காவுக்குத் தெரியாதது இல்லை.' அஞ்சு ஸ்டார். அப்பா, இதைக் கேளுங்க. 'கடை சின்னது, அக்கா அறிவு பெருசு. கூட ஒரு ஹெல்பரும் இருக்கார், அவரும் பரவாயில்லை.'"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். டிரைவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு பாதியில் புரையேறிவிட்டது. மறுநாள் மகளுக்குத் தெரியாமல் அவள் போனை எடுத்து அந்த வரியைத் தேடிப் பார்த்தார். தமிழில்தான் எழுதியிருந்தார்கள். நன்றாகப் படிக்க முடிந்தது.

அந்த நாட்களில் அவர் மனதுக்குள் ஒரு வேண்டுதல் ஓடிக்கொண்டிருந்தது. எந்த செட்டிங்குக்கும் மசியாத ஒரு லாப்டாப் வரவேண்டும், அவள் தட்டித் தட்டித் தோற்க வேண்டும். வந்தது. ஒரு கல்லூரி மாணவியின் லாப்டாப். சார்ஜ் நிற்கவில்லை. மனைவி அரைமணி நேரம் உள்ளே போய் வந்து, "எல்லாம் சரியாத்தான் இருக்கு, புரியலையே" என்றாள். டிரைவர் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். மேசையில் வைத்ததும் ஒரு மூலை லேசாகத் தூக்கியிருந்தது. திறந்தால், பேட்டரி பூரித்துப்போய் உப்பியிருந்தது.

"பாத்தியா! பாத்தியா! இதுக்கு எந்த செட்டிங்கும் கிடையாது! உப்பினது உப்பினதுதான்! இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா தீப்பிடிச்சிருக்கும்!" என்று அவர் போட்ட கூச்சலில் தையற்கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். அந்தப் பெண் பயந்துபோய் இரண்டடி பின்னால் நகர்ந்தது. புது பேட்டரி போட்ட லாப்டாப்பைக் கையில் வாங்கியதும், அந்தப் பெண் நேரே மனைவியைப் பார்த்து, "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

அன்றிலிருந்து அவர் சின்ன வேலைகளில் இறங்கினார். மனைவி மாடிக்குப் போயிருக்கும்போது யாராவது அக்காவைக் கேட்டால், "வெளியூர் போயிருக்காங்க" என்பார். உள்பக்கம் படிக்கட்டுக்கு அடியில் குனிந்து அவள் ஏதாவது தேடிக்கொண்டிருக்கும்போதுகூட ஒரு தரம் அப்படிச் சொன்னார். வந்தவர் போன பிறகு அவள் தலையை வெளியே நீட்டி, "யாருங்க?" என்று கேட்டாள். "வழி கேட்டாங்க" என்றார்.

இப்படி இருக்கையில் மனைவியின் அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. கூடமாட இருக்க ஆள் வேண்டும் என்று மனைவி திங்கட்கிழமை காலை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். "வெள்ளிக்கிழமை வந்துடுவேன். ஏதாவது சந்தேகம்னா போன் பண்ணுங்க." நான் எதற்குப் போன் பண்ணப்போகிறேன் என்று டிரைவர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அவள் பஸ் ஏறினாளோ இல்லையோ, இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தார்.

இதுவரை அவர் அதைத் தொட்டதில்லை. முழுக்கத் தமிழில் எழுதியிருந்தது. குண்டு குண்டாக, பள்ளிக்கூடப் பலகையில் எழுதியது மாதிரி. ஃபர்ம்வேர் என்றால் என்ன என்பதைக்கூட முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'லாப்டாப் கண் விழித்ததும் முதலில் ஓடுவது. பாக்கி எல்லாம் எழுவதற்கு முன் இது எழுந்து, கையையும் காலையும் எண்ணிப் பார்க்கும். சார்ஜ் எத்தனையில் நிற்க வேண்டும் என்பதும் சில லாப்டாப்பில் இதற்குள்தான் இருக்கிறது.' டிரைவர் உட்கார்ந்து படித்தார். மதியச் சாப்பாட்டை மறந்து படித்தார். எல்லாம் புரிந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலை பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியை வந்தார். வழக்கம்போல எட்டிப் பார்த்தார். "அக்கா இல்லையா? அப்ப வெள்ளிக்கிழமை வரட்டுமா... ஆனா நான் வியாழக்கிழமை காலையில கிளம்பணுமே."

"என்ன பிரச்சனை, சொல்லுங்க மேடம். கடையில எல்லாத்தையும் நான்தான் பார்க்கிறேன்" என்றார் டிரைவர்.

அவர் மூன்று நாள் தேர்வு மேற்பார்வைக்குப் போகிறாராம். போகிற இடங்களில் சார்ஜ் போட வசதி இருக்குமோ இருக்காதோ. லாப்டாப்போ எண்பதுக்கு மேல் ஏறவில்லை. செட்டிங்கில் தேடினால், முன்பு இருந்த அந்த வரியையே காணவில்லை. "மார்க் பட்டியல் எல்லாம் இதுலதான் இருக்கு. பார்த்து" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்.

அதே மாடல் நோட்டில் இருந்தது. 'எண்பதில் நின்று, செட்டிங்கும் காணவில்லை என்றால் பயாஸ் பழையது. கம்பெனி இணையதளத்தில் புது ஃபர்ம்வேர் எடுத்துப் போட்டால் அந்த வரி பயாஸுக்குள் வரும்.' எங்கே போவது, எதை அழுத்துவது, எல்லாம் வரிசையாக இருந்தது. பக்கத்தின் கடைசியில் ஒரு அம்புக்குறி. அம்புக்குறி என்றால் பக்கத்தைத் திருப்பு என்று அர்த்தம். டிரைவருக்கு அப்போது அது அலங்காரமாகத் தெரிந்தது.

சார்ஜரைச் சொருகினார். ஃபர்ம்வேரை இறக்கினார். ஓடவிட்டார். நடுவில் ஆறு வரியோடு ஒரு பெட்டி வந்தது. கை தானாக ஓகேயில் போய் நின்றது. திரை கறுத்தது. விசிறி இரைந்தது. கோடு ஒன்று மெல்ல நகர்ந்து முழுசானது. லாப்டாப் தானாக அணைந்து தானாக எழுந்தது. டிரைவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வெள்ளிக்கிழமை அவள் வந்ததும் எப்படிப் பேச்சுவாக்கில் இதைச் சொல்வது என்று வாக்கியம்கூடத் தயார் செய்துவிட்டார்.

அப்போது திரை நீலமாயிற்று.

நீலத்தின் நடுவில் ஒரு நீளக் கட்டம், எண்களைப் போடச் சொல்லிக் கேட்டது. அணைத்துப் போட்டார். மறுபடி நீலம். பேட்டரியைக் கழற்றி மாட்டினார். நீலம். எழுத்துக்கூட்டி, கீ என்ற ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார். சாவி. என்ன சாவி, யாருடைய சாவி? தலைமை ஆசிரியையின் மார்க் பட்டியல் எல்லாம் அந்த நீலத்துக்குப் பின்னால் இருந்தது.

போன் எதிரிலேயே கிடந்தது. அவர் தொடவில்லை. தோற்றாலும் அவளிடம் தோற்கக்கூடாது என்று ஒரு வைராக்கியம். அன்று மாலை வரை நீலத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை, லாப்டாப்பைத் துணிப்பையில் போட்டு மறைத்துக்கொண்டு தெருவின் மறுகோடிக்குப் போனார். அங்கே இன்னொரு லாப்டாப் கடை இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, முழுக்கைச் சட்டை போட்ட ஒரு முதலாளி. ஐந்து வருஷமாக டிரைவர் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. எதிரியிடம் மூக்கை உடைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, வீட்டில் உடையக்கூடாது என்று நினைத்தார்.

"வாங்கண்ணே! வழி தவறி வந்துட்டீங்களா?" என்று எழுந்து வந்தார் கண்ணாடிக் கதவுக்காரர். லாப்டாப்பைத் திறந்து நீலத்தை ஒரு பார்வை பார்த்தார். "பயாஸ் அப்டேட் போட்டீங்களா? டிஸ்க்ல இருக்கிறதைப் பாதுகாக்கிற பூட்டை நிறுத்தாம?"

"ம்."

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? அக்காகிட்ட கேட்டிருக்கலாமே! போன வருஷம் எனக்கு இதே மாதிரி மாட்டினப்ப, அக்காதான் வழி சொல்லிக் குடுத்தாங்க."

டிரைவருக்கு ஏசியிலும் வியர்த்தது. "உனக்கா? எப்படி?"

"போன்லதான். மாசத்துக்கு ரெண்டு தரமாவது கேப்பேன். ஒரு தரம்கூட சலிச்சுக்க மாட்டாங்க." சற்று நிறுத்தி, "உங்களுக்குத் தெரியாதாண்ணே?" என்றார்.

"தெரியும், தெரியும்" என்று டிரைவர் லாப்டாப்பை மூடிப் பைக்குள் தள்ளினார்.

"இருங்க, வழி சொல்றேன்..."

"வேணாம். அவகிட்டயே கேட்டுக்கறேன்."

வெளியே வந்து விறுவிறுவென்று நடந்தார். இதுவரை எரிந்தது ஒரு அடுப்பு என்றால், இப்போது பக்கத்திலேயே இன்னொன்று பற்றிக்கொண்டது. மாசத்துக்கு இரண்டு தரம். அவனிடம் என்ன பேசுவாள்? சிரிப்பாளா? தன்னிடம் பேசும்போது அவள் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று நினைத்துப் பார்த்தார். ஹெல்பர் என்று மகள் படித்துக் காட்டிய அன்றுதான் ஞாபகத்துக்கு வந்தது.

மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்து போன் போட்டார். லாப்டாப்பைப் பற்றிக் கேட்கத்தான் போட்டார். வாயில் வந்தது வேறு.

"அந்தக் கண்ணாடிக் கதவுக்காரன் உனக்கு போன் பண்ணுவானா?"

"பண்ணுவாரே. ஏன்?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? வேலையில சந்தேகம் கேப்பாரு, சொல்லுவேன். கடையில உங்க பக்கத்துல உக்காந்துதானே பேசறேன்." அவள் குரல் சட்டென்று மாறியது. "ஆமா, அவர் கடைக்கு நீங்க எதுக்குப் போனீங்க?"

டிரைவர் துணிப்பையின் வாயைச் சுருட்டிப் பிடித்தார்.

"என்னங்க, நோட்டை எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"நீல ஸ்கிரீன் வந்து சாவி கேக்குதா?"

"ம்."

"அம்புக்குறி போட்டிருந்தேனே, பக்கத்தைத் திருப்பலையா? அப்டேட் போடுற முன்னாடி பூட்டை நிறுத்தி வைன்னு சிவப்பு மையில எழுதியிருக்கேன். அப்டேட் போடுறப்ப ஸ்கிரீன்லயும் அதையேதானே சொல்லும்?"

"ஸ்கிரீன்ல சொல்லியிருக்கும்" என்றார் டிரைவர். "எனக்கு அந்த எழுத்தெல்லாம் படிக்க வராதும்மா."

கல்யாணமான இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னார். மறுமுனையில் அவள் அக்கா யாரிடமோ தண்ணீர் கேட்பது காதில் விழுந்தது.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"கடைக்கு வந்த முதல் மாசமே தெரியும். வக்கீல் ஆபீஸ்ல இங்கிலீஷ்லயே எழுதிப் பழகினவ நான். அந்த நோட்டை எதுக்குத் தமிழ்ல எழுதினேன்னு நினைச்சீங்க? என்னைக்காவது எடுத்துப் பார்ப்பீங்கன்னுதான். நீங்க பரீட்சை எப்போன்னு கேட்டீங்க."

இந்த இடத்தில் அவர் நெகிழ்ந்துபோனார் என்று சொன்னால் அழகாக இருக்கும். நடந்தது அதுவல்ல. அவருக்கு இன்னும் எரிந்தது. வென்றது போதாதென்று, தோற்றவனுக்குத் தட்டில் வேறு வைத்துக் கொடுத்திருக்கிறாள். அதுவும் கடைக்கு வந்த ஆறு வருஷமாக, வாயைத் திறக்காமல். அவர் போனைக் காதிலிருந்து எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். தையற்கடை மெஷின் ஓடி ஓடி நின்றது. மறுபடி காதில் வைத்தபோது அவள் இன்னும் இணைப்பில்தான் இருந்தாள்.

"வெளியாளு கேட்டாரு, சொன்னேன். பக்கத்துலயே இருக்கேன், நீங்க ஒரு தரமாவது கேட்டிருக்கீங்களா?" என்றாள். கோபம்தான். ஆனால் அதிலேயே நிற்கவில்லை. "சரி, விடுங்க. எதுவும் அழியலை, பயப்படாதீங்க. பயாஸ்ங்கிற வாசக்கால் மாறினதும் பூட்டுக்கு அடையாளம் தெரியலை, அவ்வளவுதான். சாவி அந்த மேடத்தோட இணையக் கணக்குல இருக்கும். அவங்க போன்ல திறந்து பார்த்தா நாற்பத்தெட்டு எண் வரும். அதைப் போட்டா திறந்துக்கும்."

"நீயே அவங்களுக்கு ஒரு போன் போட்டு..."

"மாட்டேன். பூட்டினது நீங்க, சொல்றதும் நீங்கதான் சொல்லணும்."

பள்ளி விட்டதும் தலைமை ஆசிரியை வந்தார். டிரைவர் எழுந்து நின்றார். வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவன் நிற்கிற நிலை. "மேடம், உங்க லாப்டாப்பை நான் தெரியாம பூட்டிட்டேன். எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. சாவி உங்ககிட்டதான் இருக்கு."

அவர் முகம் ஒரு நொடி வெளுத்தது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, டிரைவரின் மனைவி சொன்ன வழியிலேயே போனில் தேடினார். கிடைத்தது. பிறகு கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, சொல்வதெழுதுதல் போடுகிற குரலில் ஆரம்பித்தார். "ஆறு ஆறா எட்டுக் கட்டு. கவனம். நான் ஒரு தரம்தான் சொல்லுவேன்."

டிரைவர் ஒற்றை விரலால் அடித்தார். எட்டாவது கட்டு முடிந்து அழுத்தினால், தவறு என்றது.

"நாலாவது கட்டுல ஏழு வர்ற இடத்துல ஒண்ணு போட்டிருக்கீங்க. இதுக்குத்தான் எழுதினதைத் திருப்பிப் பார்க்கணும்கிறது."

திருத்தினார். நீலம் மறைந்தது. தலைமை ஆசிரியையின் பள்ளி ஆண்டு விழாப் படம் திரையில் விரிந்தது. டிரைவருக்கு மூச்சு அப்போதுதான் வந்தது. நோட்டைத் திறந்து, இந்தத் தரம் பக்கத்தையும் திருப்பிப் பார்த்து, பயாஸுக்குள் போனார். காணாமல் போயிருந்த வரி அங்கே உட்கார்ந்திருந்தது. எண்பதை நூறாக்கிச் சேமித்தார். "ஊருக்குப் போயிட்டு வந்ததும் கொண்டாங்க மேடம், திரும்ப எண்பதாக்கித் தரேன். இல்லேன்னா பேட்டரி சீக்கிரம் களைச்சிடும்" என்றார். யாருடைய வார்த்தை அது என்று அவருக்கே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் மனைவி வந்தாள். பையை வைத்தாள், முகம் கழுவினாள், கடைக்கு இறங்கி வந்து சீட்டுகளைச் சரிபார்த்தாள். நீலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு கீபோர்டைத் துடைத்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"எனக்கு உம்மேல பொறாமைம்மா."

அவள் சீட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை. "தெரியுது."

"எல்லாரும் உன்னையே கேக்கறாங்க. வந்து நின்னா எனக்கு வயிறு எரியுது. நல்லதுதானே, நம்ம கடைதானேன்னு நானே எனக்குச் சொல்லிப் பாக்கறேன். கேக்க மாட்டேங்குது."

பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் அவரை முழுசாகப் பார்த்தாள். "பொறாமைதானே, பட்டுட்டுப் போங்க. அதுல எனக்கு ஒண்ணும் குறையலை. ஆனா நான் உள்ள இருக்கறப்ப வெளியூர் போயிட்டேன்னு சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பாதீங்க. மருந்துக்கடை அம்மா மூணு தரம் வந்து திரும்பியிருக்காங்க. நான் எங்க எங்க ஊர் சுத்தறேன்னு தெருவே கேக்குது."

டிரைவருக்குக் காது சிவந்தது. அன்று மாலை அவள் போட்டுத் தந்த டீயில் சர்க்கரை இல்லை. மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை, மடமடவென்று குடித்துவிட்டார்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது கடை திறந்ததும் தினம் ஒரு ஆங்கிலச் சொல்லை அவளிடம் கேட்கிறார். ஒரு நாளைக்கு ஒன்றுதான். அதற்கு மேல் கேட்க மனசு இடம் கொடுப்பதில்லை. அவளும் கேட்டதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. உச்சரிப்பு கோணல்மாணலாக இருக்கிறது, ஆனாலும் திரையில் வருகிற இரண்டு பெட்டியில் ஒன்றைப் படித்து ஒப்பேற்றிவிடுகிறார்.

பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. யாராவது வாசலில் நின்று அவளைப் புகழ ஆரம்பித்தால், காரணமில்லாமல் எழுந்து தையற்கடைக்குப் போய்விடுகிறார். அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, யாருக்கோ தைக்கிற சட்டையின் காலரைப் பார்த்துக்கொண்டிருப்பார். தையற்கடைக்காரர் எதுவும் கேட்பதில்லை. அவளும் கூப்பிடுவதில்லை. பத்து நிமிஷத்தில் தானே திரும்பி வந்து, அடுத்த லாப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்.